மஸ்கெலியாவில் நான் போட்ட தாளம்

கொழும்பிலிருந்து அட்டன் போகும் ரயிலில் எங்களுக்கு எதிரே அமர்ந்திருந்த இரண்டு சிங்களப் பெண்மணிகள் வெகுநேரம் எங்களைப் பார்த்துப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த, வட்டவளை என்ற மலையூரைச் சேர்ந்த தமிழர், நாங்கள் கேட்காமலேயே மொழிபெயர்த்தார்.

"பெட்டிக்குள்ள என்னா, கைக்கொழந்தையா, மடிய விட்டு எறக்கவே மாட்டேங்குதேன்னு இந்தம்மா கேக்குறாங்க. கொழந்தையா இருந்தா இந்நேரம் ஒரு தடவையாச்சும் அழுதிருக்குமேன்னு அந்தம்மா சொல்றாங்க."

மடியில் வயலின் பெட்டியோடு இருந்தவள் கீர்த்தனா. தன் பெட்டியை மேல் தட்டில் போட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி அரவிந்த். இரட்டை வயலின் வாசிப்பவர்கள். அக்காளுக்கு இருபத்துமூன்று வயது, தம்பிக்கு இருபது. பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே திருச்சியில் என் மனைவி சாரதாவிடம் கற்க வந்தவர்கள். போட்டிகளில் வாங்கிய கேடயங்கள் அவர்கள் வீட்டு அலமாரியில் இடமில்லாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் நிற்கின்றன. இனிமேல் பரிசு வாங்கும் பிள்ளைகள் என்ற பெயர் போய், கச்சேரி செய்பவர்கள் என்ற பெயர் வரவேண்டிய கட்டம்.

மஸ்கெலியாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் செல்வராஜ் என்பவர், உறவினர் திருமணத்துக்காகத் துறையூர் வந்திருந்தபோது இவர்களின் வாசிப்பைக் கேட்டு, தம் ஊர்த் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆசிரியையையும் மாணவர்களையும் சேர்த்து அழைத்திருந்தார். சாரதா சென்ற ஆவணியில் காலமானாள். செல்வராஜ் மறுபடியும் தொலைபேசியில் அழைத்து, "நீங்களாவது புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வாங்க சார்" என்றார். பெரியவர் ஒருவர் உடன் போனால்தான் அனுப்புவோம் என்று பெற்றோரும் சொன்னார்கள். வயதில் பெரியவன் என்ற தகுதி எனக்கு ஐயத்துக்கிடமின்றி இருந்தது.

வேறு தகுதி இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் தருக்கவியல் கற்பித்தவன். சங்கீதம் என் வீட்டில் நாள் முழுவதும் ஒலித்தது, என்னுள் இறங்கவில்லை. குறிப்பாகத் தாளம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை நான் போட்டால் அது சில சுற்றுகளில் ஏழாகவும் சில சுற்றுகளில் ஒன்பதாகவும் வரும். "உங்க கை சட்டைப்பையில இருக்கிறதுதான் நீங்க சங்கீதத்துக்குச் செய்யிற சேவை" என்று சாரதா விருந்தினர் முன்னிலையிலேயே சொல்வாள்.

இந்தப் பயணத்தில் என் வேலை முன்வரிசையில் உட்காருவது. காரணம் இது. மாணவர்கள் எங்கே வாசித்தாலும் சாரதா முன்வரிசையில் அமர்ந்து தாளம் போடுவாள். கீர்த்தனா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வாசித்து வளர்ந்தவள். அந்தக் கை இல்லாமல் திருச்சியில் ஒன்றும் கரூரில் ஒன்றுமாக இரண்டு கச்சேரிகள் நடந்தன. இரண்டிலும் நடுப்பாட்டில் அவள் வில் நின்றுவிட்டது. விரல் தவறவில்லை, சுருதி விலகவில்லை, வில்தான் நின்றது. பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவளுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. புறப்படுவதற்கு முன், என் வீட்டு வாசலிலேயே அவள் தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

"இலங்கையிலயும் நின்னுச்சுன்னா நான் வேலைக்குப் போயிடறேன்டா. நீ வேற ஜோடி பாத்துக்கோ."

"வேற அக்காவா? எந்தக் கடையில விக்கிறாங்க?" என்றான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு என்னிடம் தனியாக வந்தான். "சார், டீச்சர் உட்கார்ற மாதிரி நீங்க முன்னாடி உட்காருங்க. அக்காவுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும். ஆனா கையை மட்டும் வெளிய எடுத்துராதீங்க." குருவின் சொல் மாணவனிடம் பிழையில்லாமல் இறங்கியிருந்தது.

ரயில் மலை ஏறத் தொடங்கியதும் வடைக்காரர் ஒருவர் "வடே, வடே" என்று கூவிக்கொண்டு வந்தார். அரவிந்த் விழித்துக்கொண்டான், அவனை எழுப்ப அந்த ஒரு சொல் போதும். அவன் வாங்கிய பருப்பு வடையின் நடுவில் முழு இறால் ஒன்று பதிந்திருந்தது. எங்கள் ஊர் வடைகளில் ஓட்டைதான் பார்த்திருக்கிறேன், மீசை பார்த்ததில்லை. சைவனாகிய நான் வாழைப்பழத்தோடு ஒதுங்கிக்கொண்டேன்.

றொசல்ல என்ற சிறு நிலையத்தில் ரயில் நின்றது. நின்றதற்குக் காரணம் சொல்ல அங்கே யாரும் இல்லை; காரணம் கேட்கவும் யாரும் இல்லை. நம் ஊரில் இத்தனை நேரம் நின்றால் பயணிகள் ஒரு சங்கமே தொடங்கியிருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கித் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துவருபவர்கள் உட்பட. எதிர் இருக்கைப் பெண்மணிகள் அங்கே விடைபெற்றார்கள். அவர்களில் மூத்தவர் கீர்த்தனாவின் கையில் ஒரு நாரத்தம்பழத்தை வைத்துவிட்டு, வயலின் பெட்டியையும் இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார். குழந்தை இல்லை என்று தெரிந்த பிறகும்.

அட்டன் நிலையத்தில் செல்வராஜ் காத்திருந்தார். பருத்த உடல், கம்பளித் தொப்பி, ஓயாத பேச்சு. "வாங்க சார், வாங்க. தங்கச்சி, தம்பி, பயணமெல்லாம் சொகமா? குளிருதா? இது குளிரே இல்ல. நாலு நாளைக்கு முன்ன வந்திருக்கணும், பல்லு தனியா ஆடியிருக்கும்." அவர் பேசுவது அச்சாகத் துறையூர்ப் பக்கத்துத் தமிழ். துறையூரை அவர் தம் வாழ்நாளில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார். துறையூரில் இன்று இருப்பவர்கள் வாக்கியத்துக்கு மூன்று ஆங்கிலச் சொல் போட்டுப் பேசுகிறார்கள். இவரும் போடுகிறார், ஆனால் அவை தோட்டத்து வெள்ளைக்காரன் விட்டுப்போனவை.

அவர் வீட்டில் இரவு தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். சம்பலின் காரம் எனக்கு முதலில் காதில் தெரிந்தது, பிறகுதான் நாக்கில். செல்வராஜின் மனைவி கமலா, "ஐயாவுக்கு உறைக்குது போல" என்று ஒரு கரண்டி தயிர் ஊற்றினார். பிறகு இயல்பாகக் கேட்டார்: "அம்மா இருந்திருந்தா வந்திருப்பாங்கதானே?"

"வந்திருப்பாள்" என்றேன். இன்னொரு ரொட்டி வைத்தார்.

மறுநாள் காலையில் எங்கள் முதல் விபத்து நேர்ந்தது. நம் வயலின்காரர்கள் இடக்கை விரல்களில் துளி தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார்கள். கமகங்களில் விரல் தந்தியின் மேல் வழுக்கிச் செல்ல அது வேண்டும். திருச்சியில் பிறந்து வளர்ந்த இந்த இருவருக்கும் தேங்காயெண்ணெய் என்பது எப்போதும் திரவம். மஸ்கெலியாவின் காலைக் குளிரில் அது புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து நின்றது. கீர்த்தனா புட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். அரவிந்த் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தில் உலாவினான்.

"அடுப்பாங்கரையில வைங்க தம்பி" என்றார் கமலா. "கக்கத்துல வச்சா எண்ணெ மட்டுமா வரும்? வாசமும் சேந்து வரும்."

"அதான் நான் உன் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிறப்ப மூச்ச அடக்கிக்கிறேன்" என்றாள் கீர்த்தனா. அந்தப் பயணத்தில் அவள் சொன்ன முதல் கேலி அது. அன்றைக்கு அதுவே கடைசியாகவும் ஆனது.

அன்று மாலை நுவரெலியாவில் ஒரு சிறு வாசிப்புக்கு ஏற்பாடு. செல்வராஜின் மைத்துனர் மேலாளராக இருக்கும் விடுதி. வெளிநாட்டுப் பயணிகள் கணப்பருகில் அமர்ந்து தேநீர் அருந்தும் கூடம். ஊரே இங்கிலாந்தாக நடித்துக்கொண்டிருந்தது. தபால் நிலையம்கூடக் கோபுரம் வைத்துக்கொண்டு நின்றது. மேலாளர் தேநீர்க் கோப்பைகளின் சத்தத்துக்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தோட்டத்துக் கச்சேரிக்கு மிருதங்கம் வாசிக்கவிருந்த கண்டி இளைஞர் அன்றே வந்து சேர்ந்துவிட்டார். வங்கியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

முதல் உருப்படி நன்றாகவே நடந்தது. நான் முன்னால், கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். இரண்டாவதாகக் கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை. சரணத்துக்குப் போகும் இடத்தில் கீர்த்தனா தலையை உயர்த்தி முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே நான் இருந்தேன். வில் நின்றது.

அரவிந்த் இரண்டு சுற்றுத் தனியாக இழுத்துப் பார்த்தான். மிருதங்கக்காரரும் காத்துப் பார்த்தார். பிறகு அவனும் நிறுத்தினான். அந்த அமைதியில் கூடம் முழுவதும் கைதட்டியது. பாட்டு அங்கேதான் முடிகிறது என்று எண்ணிவிட்டார்கள். அரவிந்த் சட்டென்று எழுந்து கும்பிட்டான்; கெட்டிக்காரன். எனக்குப் பின்னால் ஒரு மூதாட்டி தம் கணவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது: "எவ்வளவு சுருக்கமாக முடித்தார்கள், பார்த்தீர்களா? நம் ஊர்க்காரர்களுக்கு எப்போது நிறுத்துவது என்றே தெரிவதில்லை."

திரும்பி வரும் வேனில் செல்வராஜ்கூடப் பேசவில்லை, அவருக்கு அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பது பின்னிருக்கையிலிருந்தே தெரிந்தது. மலைவளைவுகளில் மூடுபனி இறங்கியிருந்தது.

"சார்" என்றாள் கீர்த்தனா. "நாளைக்கு நான் வாசிக்கலைன்னா தோட்டத்துல கோவிச்சுக்குவாங்களா?"

"கோவிச்சுக்க மாட்டாங்க. சோறு போடுவாங்க. அதுதான் சங்கடம்."

அவள் சிரிக்கவில்லை. "டீச்சர் இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். சாரதா மாணவர்களிடம் சொன்னதெல்லாம் மாணவர்களுக்குத்தான் தெரியும். என்னிடம் அவள் சங்கீதம் பேசியதே இல்லை. மின்கட்டணம், முருங்கைக்காய், என் மூக்குக்கண்ணாடி காணாமற்போவது, இவற்றைப் பற்றித்தான் பேசினாள். தெரியவில்லை என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள், தோட்டத்துக்குப் போகும் பாதையின் பாதியில் வேன் படுத்துவிட்டது. ஓட்டுநர் அதன் அடியில் படுத்தார். அப்போது கொழுந்துச் சாக்குகளை இறக்கிவிட்டு மேலே திரும்பிக்கொண்டிருந்த லொறி ஒன்று வந்தது. செல்வராஜ் நடுப்பாதையில் நின்று இரண்டு கைகளையும் விரித்து அதை மறித்தார்.

"கச்சேரிக்காரங்கடா! ஏத்திக்க!"

லொறிக்காரப் பையன் எங்களை ஏறஇறங்கப் பார்த்தான். "மொதலாளி, வெறுஞ்சாக்குதான் இருக்கு. பாரம் இல்லாம போனா வண்டி குதிக்கும். ஐயா ஒல்லியா வேற இருக்காரு."

"நீ ஏறி உக்காரு மொதலாளி, பாரம் சரியாயிரும்னு சொல்லாம சொல்றான் பாருங்க சார்" என்றார் செல்வராஜ், ஏறிக்கொண்டே.

வண்டி குதித்தது. பச்சைக் கொழுந்தின் வாசனை படிந்த சாக்குக் குவியலில் நான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை தரையை விட்டு எழுந்து மீண்டும் அமர்ந்தேன். கீர்த்தனா வயலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மிருதங்கக்காரர் மிருதங்கத்தின் மேல் ஏறக்குறையப் படுத்தேவிட்டார். முன்னால் சினிமாப் பாட்டு உச்சத்தில் ஒலித்தது. வாசிக்கப் போவதில்லை என்று முடிவு செய்த ஒருத்தி வாத்தியத்தை இத்தனை பத்திரமாகக் கொண்டுபோவது தருக்கத்துக்குப் பொருந்தவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மாரியம்மன் கோயில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. மாவிலைத் தோரணமும் வண்ண விளக்குகளும் கட்டியிருந்தார்கள். அம்மன் சந்நிதியைப் பார்த்தபடி தகரக் கூரை போட்ட மேடை. நடுவில் பாய்கள். மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை என்பதால், பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிட வேண்டும் என்றார்கள்.

முதலில் எங்களைச் சூழ்ந்துகொண்டவர் சரசு என்ற பெண்மணி. கொழுந்து பறிப்பவர்களில் மூத்தவர். அந்தத் தோட்டத்தில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவர் என்பது அவர் இடுப்பில் கைவைத்து நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"புள்ள, யாரு பாடப்போறது? நீயா, தம்பியா?"

"பாட்டு இல்லக்கா. வயலின் மட்டும்தான்."

"வாய்ப்பாட்டே இல்லியா?" சரசு அக்கா திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தார். "அப்ப நாங்க என்னா செய்யிறது? சும்மா குந்திக்கிட்டுக் கேக்குறதா?"

கச்சேரி என்பது அதுதான் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அவரே விளக்கினார். வெள்ளிக்கிழமை பஜனையில் தெரிந்தவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து கைகாட்டுவார். பின்னால் இருப்பவர்கள் அந்தக் கையைப் பார்த்துத் தட்டுவார்கள். தட்டாமல் இருப்பவரைச் சாமி பார்க்காது. சரசு அக்கா பார்ப்பார்.

"நீ வாசிக்கிறதானே?" என்று அவர் கீர்த்தனாவின் தாடையைப் பிடித்துக் கேட்டார். "மொகமே சரியில்லியே. பசியா?"

கீர்த்தனா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். "வாசிக்கிறேன்க்கா" என்றாள். மறுக்கத் தெரியாமல்தான் சொன்னாள்.

மேடையில் செல்வராஜ் ஒலிவாங்கியைப் பிடித்தார். மைக் கிடைத்ததும் முந்திய இரவு முழுவதும் அடக்கிவைத்த பேச்சு வெளியே வந்தது. பிள்ளைகளைப் புகழ்ந்தார், மிருதங்கத்தைப் புகழ்ந்தார், லொறியையும் விடவில்லை. இறுதியாக, "நம்மளுக்காக இந்தியாவுல இருந்து வந்திருக்காங்க, பெரிய சங்கீதப் பேராசிரியர் ஐயா!" என்றார். நான் எழுந்து, சங்கீதம் அல்ல, தருக்கவியல் என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் தோளில் பொன்னாடை விழுந்தது. கழுத்தில் மாலை விழுந்தது. மைக் வயலின்களுக்கு முன்னால் போய்விட்டது. எல்லோருக்கும் முன்னால், பாய்களை ஒட்டி, ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார்த்தினார்கள். பின்னால் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள்.

அந்த நாற்காலி என்ன நாற்காலி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் சரியான முடிவுக்கு வரும் வழிகளைக் கற்பித்தவனுக்கு இது வெட்கக்கேடுதான்.

கச்சேரி தொடங்கியது. எண்ணெய் அன்று வெந்நீர்ச் செம்புக்குள் பாதுகாப்பாக இருந்தது, விரல்கள் வழுக்கின. குழந்தைகள்கூட அமைதியாக இருந்தார்கள். கீர்த்தனா தலை குனிந்தபடி வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று உருப்படிகள் கடந்தன. அரவிந்தின் முகத்தில் நம்பிக்கை வருவதைப் பார்த்தேன், எனக்கும் வந்தது. பிறகு கல்யாணி. அவளேதான் அதை எடுத்தாள். தவிர்த்திருக்கலாம், தவிர்க்கவில்லை. அந்தத் துணிவுக்காகவே நான் கைதட்டியிருப்பேன், கை பைக்குள் இல்லாதிருந்தால்.

அதே இடம் வந்தது. அவள் தலையை உயர்த்தினாள். முன்வரிசையைப் பார்த்தாள். வில்லின் வேகம் குறைவது எனக்கே கேட்டது.

அப்போது என் வலக்கை கோட்டுப் பையை விட்டு வெளியே வந்தது. நான் தீர்மானித்துச் செய்ததன்று. அது உயர்ந்து தொடையின் மேல் விழுந்தது. சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று எண்ணியது. மறுபடி விழுந்து திரும்பியது. சாரதாவின் கை அப்படித்தான் போகும் என்று நாற்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பார்த்ததை அப்படியே செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா கைகாட்டிட்டாரு! தட்டுங்க!" என்று பின்னாலிருந்து சரசு அக்காவின் குரல் வந்தது.

இருநூறு பேர் ஒன்றாகத் தட்டினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. நான் கையைத் தூக்கினால் இருநூறு கைகள் எழுந்தன. போட்டால் இருநூறும் விழுந்தன. நான் தவறிய இடத்தில் தோட்டம் முழுவதும் என்னோடு ஒழுங்காகத் தவறியது. நிறுத்தலாம் என்று பயந்து கையை அரைவழியில் வைத்தேன். அத்தனை பேரும் அரைவழியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மிருதங்கக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக வாயைத் திறந்தார், மூட மறந்தார். அரவிந்த் மேடையிலிருந்து உதட்டசைவில் "சார்! கை! கை!" என்றான். அதைப் பார்த்து நான் கையைத் தொடையில் போட்டேன். இருநூறு கைகளும் விழுந்தன.

கீர்த்தனா சிரித்துவிட்டாள். வயலினை மார்பில் சாய்த்துக் காலில் ஊன்றி வாசிப்பவர்கள் சிரித்தால் வாத்தியமும் சேர்ந்து குலுங்கும். அவள் வில் தந்தியில் துள்ளி, ஆட்டுக்குட்டி கத்துவதைப்போல் ஒரு சத்தம் எழுந்தது. முன்னால் இருந்த குழந்தைகள் அதைக் கேட்டு உருண்டு சிரித்தார்கள். பெண்கள் சிரித்தார்கள். தட்டுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. சரசு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, அவள் வில்லை மறுபடி தந்தியில் வைத்தாள். இப்போது அவள் என் கையைப் பார்க்கவில்லை. பாயில் இருந்தவர்களைப் பார்த்தாள். அவர்களின் தட்டு விழும் இடத்துக்காகக் காத்திருந்து, சரியாக அந்த இடத்தில் சரணத்தைத் தொடங்கினாள். கூட்டம் ஓர் அடி முந்தினால் பாட்டை முந்தவிட்டாள். பிந்தினால் ஒரு கமகத்தை நீட்டிப் பிடித்துக் காத்தாள். அரவிந்த் ஒரு கணம் திகைத்துவிட்டு அவள் பின்னால் பாய்ந்தான். மிருதங்கம் இருவரையும் துரத்தியது. கொஞ்ச நேரத்தில் அந்த இருநூறு பேரையும் அவள் தன் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டாள் என்று அரவிந்த் பின்னால் சொன்னான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் கையும் எப்படியோ சரியான இடத்தில் விழத் தொடங்கியிருந்தது. யார் யாரைப் பின்பற்றினார்கள் என்பதை இன்றுவரை என்னால் நிறுவ முடியவில்லை.

பாட்டு முடிந்தது. அதற்கு மேலும் நான்கு உருப்படிகள் வாசித்தார்கள். பெரட்டு என்று நினைவூட்டிய கணக்கப்பிள்ளையை மூன்று முறை உட்காரச் சொன்னார்கள்.

பந்தியில் மிருதங்கக்காரர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். வெகுநேரம் பலாக்காய்க் கறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார். "சார், நீங்க போட்டது என்ன தாளம்?"

"ஆதி தாளம்னு நெனச்சேன்."

"அப்படியா சார்" என்று மட்டும் சொன்னார். மரியாதை குறையவில்லை, அதுதான் வலித்தது.

சரசு அக்காவுக்கு ஐயமே இல்லை. "நின்னுபோன பாட்ட ஐயாதானே கைகாட்டிக் கெளப்பி விட்டாரு" என்று பந்தி முழுவதும் சொல்லிக்கொண்டு போனார். தவறான முற்கூற்றுகளிலிருந்து உண்மையான முடிவு பிறக்கலாம் என்று நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்தேன். எடுத்துக்காட்டுக்கு எப்போதும் திணறுவேன்.

கீர்த்தனா மூன்றாவது முறை சோறு கேட்டு வாங்கினாள். எழுந்து கைகழுவப் போகும்போது, "பாவம் சார் நீங்க, கை வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அட்டனில் ரயில் ஏறினோம். செல்வராஜ் ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு வாங்க நின்றார். கமலா கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலம் அரவிந்தின் மடியில் திறந்திருந்தது.

"டேய், ஊருக்குப் போனதும் டயர்க் கடைக்காரர்கிட்ட பேசணும்" என்றாள் கீர்த்தனா. ஆவணிக்குப் பிறகு இருவரும் ஒரு டயர்க் கடையின் மாடியில்தான் பயிற்சி செய்கிறார்கள். அது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. "மாடி ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டு மாசம் கேட்டுப் பாப்போம்."

"எதுக்கு? நீதான் பெங்களூர் போறியே."

"யாரு போறா?"

அரவிந்த் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். பிறகு மறுபுறம் திரும்பி, தேயிலையை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினான். அவன் தோள் மட்டும் சற்று அசைந்தது. அக்காள் அதைப் பார்க்காததுபோல் அவன் பொட்டலத்திலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

"டயர்க் கடை வேண்டாம்" என்றேன். "வீட்டுல டீச்சரோட அறை இருக்கு. பூட்டித்தான் வச்சிருக்கேன். சாவி என்கிட்டதான்."

அரவிந்த்தான் முதலில் என் பக்கம் திரும்பினான். "சார், நாங்க காலையில அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிருவோம். உங்க தூக்கம் போயிரும்."

"நான் நாலரைக்கே எழுந்துடறேன். எழுந்து செய்யத்தான் வேலை இல்ல."

"கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கிறோம் சார்" என்றாள் கீர்த்தனா, மெதுவாக.

"சாத்த வேண்டாம்" என்றேன்.